பீல்டு மார்ஷல் ஹெல்முட் ஃபொன் மோல்ட்கே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1864, 1866, 1870 ஆகிய ஆண்டுகளில் தொடங்கிய மூன்று போர்களின் முடிவில் ஐரோப்பாவின் நடுவில் ஜெர்மன் பேரரசு எழுந்தது. அதன் அரசியலை நடத்தியவர் பிஸ்மார்க் என்பது பள்ளிப் பாடநூலிலேயே வருகிறது. படைகளை நடத்தியவரைப் பற்றித் தமிழில் வாசிக்கக் கிடைப்பது குறைவு. கிடைப்பதும் பெரும்பாலும் வெற்றிகளின் பட்டியலாகவே இருக்கிறது. மோல்ட்கேயின் வாழ்வில் அந்த வெற்றிகளைவிட முக்கியமானது, அவற்றுக்கு முன்பு அறுபது வயதுவரை அவர் கற்றுக்கொண்டே இருந்த காலம் என்பது இந்தப் பக்கத்தை எழுதுபவரின் கருத்து. பதில்கள் அந்தக் கோணத்திலேயே எழுதப்பட்டுள்ளன.

மோல்ட்கே யார்?

ஹெல்முட் ஃபொன் மோல்ட்கே 1857 முதல் 1888 வரை பிரஷ்யப் படையின் ஜெனரல் ஸ்டாஃப் தலைவராக இருந்தவர். ஜெனரல் ஸ்டாஃப் என்பது படையின் திட்டங்களை வகுத்து, அணிவகுப்பையும் வழங்கலையும் ஒழுங்குசெய்து, போர்க்காலத்தில் மன்னரின் பெயரால் கட்டளைகளைத் தயாரிக்கும் அதிகாரிகள் குழு. 1800 அக்டோபர் 26 அன்று பிறந்து, 1891 ஏப்ரல் 24 அன்று பெர்லினில் இறந்தார். இதே பெயருடைய அவருடைய அண்ணன் தம்பி வழி மகன் ஒருவரும் பின்னாளில் அதே பதவியை வகித்ததால், இவரை மூத்த மோல்ட்கே என்று குறிப்பிடுவது வழக்கம்.

அவர் பிறப்பால் பிரஷ்யரா?

இல்லை. அவர் பிறந்த பார்க்கிம் என்ற ஊர் மெக்லென்பர்க் சிற்றரசைச் சேர்ந்தது. குடும்பம் பழைய பிரபுக் குடும்பம்தான், ஆனால் செல்வம் கரைந்துபோயிருந்தது. தந்தை ஹோல்ஸ்டைனில் குடியேறி டென்மார்க் மன்னரின் குடிமகனாகி, பின்னர் அந்நாட்டுப் படையிலேயே உயர் பதவிக்கு வந்தார். 1806இல் பிரெஞ்சுப் படையினர் லூபெக் நகரைச் சூறையாடியபோது அங்கிருந்த இவர்கள் வீடும் தப்பவில்லை. சிறுவன் ஹெல்முட் கோபன்ஹேகனில் இருந்த படைப் பயிற்சிப் பள்ளியில் சேர்க்கப்பட்டு, கண்டிப்பும் தனிமையும் நிறைந்த சூழலில் வளர்ந்து, 1819இல் டென்மார்க் காலாட்படையில் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார்.

1821இல் பெர்லினுக்குச் சென்று பிரஷ்யப் படையைப் பார்த்த பிறகு, தனக்கு எதிர்காலம் அங்குதான் என்று முடிவுசெய்தார். மறு ஆண்டே டென்மார்க் பணியிலிருந்து விலகி, ஓடர் நதிக்கரையிலுள்ள ஃபிராங்க்ஃபர்ட் நகரில் இருந்த பிரஷ்ய ரெஜிமென்ட் ஒன்றில் மறுபடியும் இரண்டாம் லெப்டினன்டாகவே சேர்ந்தார். நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து அதே டென்மார்க்குக்கு எதிரான போரில் அவர் பங்கேற்க நேர்ந்தது.

அவருடைய இளமைக்கால வேலை என்ன?

1823 முதல் 1826 வரை பெர்லின் போர்ப் பள்ளியில் படித்தார். அப்போது அதன் இயக்குநராக இருந்தவர் போர்க் கோட்பாட்டுச் சிந்தனையாளர் கிளாஸ்விட்ஸ். ஆனால் அவர் நிர்வாகத்தைக் கவனித்தாரே தவிர வகுப்பெடுக்கவில்லை. ஆகவே மோல்ட்கேயைக் கிளாஸ்விட்ஸின் நேரடி மாணவர் என்று எழுதுவது மிகை. அவருடைய சிந்தனையை மோல்ட்கே பின்னர் நூல் வழியாகவே உள்வாங்கினார்.

படிப்பு முடிந்ததும் சைலீசியாவிலும் போசனிலும் நில அளவைப் பணி கிடைத்தது. மேட்டையும் பள்ளத்தையும் ஓடையையும் பாலத்தையும் நடந்து அளந்து, காகிதத்தில் வரையும் வேலை அது. பிற்காலத்தில் வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு படைப்பிரிவு எந்தச் சாலையில் எத்தனை மணி நேரத்தில் வந்துசேரும் என்று அவரால் சொல்ல முடிந்ததற்கு இந்த ஆண்டுகளே காரணம்.

சம்பளம் போதவில்லை. ஸ்டாஃப் அதிகாரி ஒருவருக்குச் சொந்தக் குதிரை வேண்டும். அதற்குப் பணம் சேர்க்க, கிப்பன் எழுதிய ரோமப் பேரரசு பற்றிய பெரிய வரலாற்றை 75 பவுண்டு ஊதியத்துக்கு ஜெர்மனில் மொழிபெயர்க்க ஒப்புக்கொண்டார். பதினெட்டு மாதங்களில் பன்னிரண்டு தொகுதிகளில் ஒன்பதை முடித்தும்விட்டார். பதிப்பாளர் நூலை வெளியிடவே இல்லை. மோல்ட்கே கைக்கு வந்தது 25 பவுண்டு மட்டும். பகலில் அலுவலகம், இரவில் விளக்கொளியில் கிப்பன் என்று உழைத்த அந்த ஒன்றரை ஆண்டில் அவருக்கு மிஞ்சியது வரலாற்றறிவும், தெளிவான, மிகையற்ற உரைநடையும்தான். அவருடைய போர்க் கட்டளைகளைப் படிப்பவர்கள் அந்த நடையை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

ஓட்டோமான் பேரரசில் அவர் என்ன செய்தார்?

1835இல் விடுப்பு எடுத்துக்கொண்டு தென்கிழக்கு ஐரோப்பாவைப் பார்க்கப் போனவர், கான்ஸ்டான்டினோபிளில் சுல்தான் இரண்டாம் மஹ்மூதின் படைச் சீர்திருத்தத்துக்கு உதவ அழைக்கப்பட்டு, 1839 வரை அங்கேயே தங்கிவிட்டார். துருக்கி மொழி கற்றார்; தலைநகரையும் பாஸ்பரஸ் நீரிணையையும் அளந்து வரைபடமாக்கினார்; அனடோலியாவின் உட்பகுதிகளில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் குதிரையில் அலைந்தார்; தோலால் செய்த மிதவையில் யூப்ரடீஸ் நதியின் சுழல்களைக் கடந்தார்.

எகிப்தை ஆண்ட முகமது அலிக்கு எதிரான படையெடுப்பில் ஹாஃபிஸ் பாஷா என்ற தளபதிக்கு அவர் ஆலோசகராக அனுப்பப்பட்டார். 1839 ஜூனில் நிசிப் என்ற இடத்தில் இரு படைகளும் எதிர்கொண்டன. எகிப்தியத் தளபதி இப்ராஹிம் பாஷா, ஓட்டோமான் படையின் பக்கவாட்டைச் சுற்றிக்கொண்டு பின்புறமாக வர முயன்றார். அவர் நகர்ந்துகொண்டிருக்கும்போதே தாக்க வேண்டும், இல்லையென்றால் யூப்ரடீஸ் கரையிலுள்ள பிரெசிக்கின் அரண் சூழ்ந்த முகாமுக்குப் பின்வாங்க வேண்டும் என்றார் மோல்ட்கே. பின்வாங்குவது மானக்கேடு என்று பாஷா மறுத்துவிட்டார். உடனிருந்த முல்லாக்களும் அதையே சொன்னார்கள். ஆலோசகர் பொறுப்பைத் துறந்துவிட்டுப் பீரங்கிகளைக் கவனிக்கப் போனார் மோல்ட்கே. ஜூன் 24 அன்று ஓட்டோமான் படை சில மணி நேரத்தில் சிதறியது.

அவர் நேரில் பங்கெடுத்த முதல் பெரும் போர் இப்படித் தோல்வியில் முடிந்தது. சரியான ஆலோசனை மட்டும் போதாது, அதைச் செயலாக்கும் அதிகாரமும் அதைப் புரிந்துகொள்ளும் துணை அதிகாரிகளும் வேண்டும் என்பதை நிசிப் அவருக்குக் காட்டியது. அந்த ஆண்டுகளில் அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் 1841இல் நூலாக வந்து, ஜெர்மன் பயண இலக்கியத்தில் நிலைத்த இடம் பெற்றன.

ரயிலுக்கும் மோல்ட்கேக்கும் என்ன தொடர்பு?

ஜெர்மனியில் ரயில்பாதைகள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த 1840களின் தொடக்கத்திலேயே பெர்லின்–ஹாம்பர்க் ரயில் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் சேர்ந்து, தன் சேமிப்பையும் அதில் முதலீடு செய்தார். ரயில்பாதையின் தடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எவற்றைக் கருதவேண்டும் என்று 1843இல் கட்டுரையும் எழுதினார். வளைவு, சரிவு, எஞ்சினின் இழுவைத் திறன் எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தன. புதிய கோட்டைகளில் பணத்தைப் போடுவதைவிட ரயில்பாதைகளில் போடுவதே மேல் என்பதைப் பின்னர் பதவியில் இருந்து திரும்பத் திரும்ப வலியுறுத்தினார்.

ஒரு ரெஜிமென்டுக்குக்கூடத் தளபதியாக இல்லாதவர் எப்படி அந்தப் பதவிக்கு வந்தார்?

அரச குடும்பத்தின் நம்பிக்கை ஒரு காரணம். 1845இல் ரோமில் நோயுற்றிருந்த இளவரசர் ஹென்றிக்கும், 1855 முதல் பின்னாளில் பேரரசரான இளவரசர் ஃபிரெடரிக் வில்லியத்துக்கும் அவர் துணை அதிகாரியாக இருந்தார். இளவரசருடன் இங்கிலாந்து, ரஷ்யா, பிரான்ஸ் ஆகிய நாடுகளுக்குச் சென்றார். இடைப்பட்ட ஏழு ஆண்டுகள் மாக்டபர்க்கில் ஒரு கோரின் (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும் படைப்பிரிவின்) ஸ்டாஃப் தலைவராகப் பணியாற்றினார். 1857 அக்டோபரில் முன்னைய தலைவர் இறந்ததும் தற்காலிகமாக நியமிக்கப்பட்டு, மறு ஆண்டு உறுதிசெய்யப்பட்டார்.

இதில் யாரும் பெரிதாக வியப்படையவில்லை, ஏனென்றால் அன்று அந்தப் பதவியே பெரிதாகக் கருதப்படவில்லை. போர் அமைச்சகத்துக்குக் கீழ்ப்பட்ட அலுவலகம் அது. மன்னரை நேரில் சந்தித்துப் பேசும் உரிமைகூட அமைதிக்காலத்தில் அதன் தலைவருக்கு இல்லை. பதவியின் பெருமை மோல்ட்கேயின் வருகைக்குப் பிறகு உண்டானது.

பதவிக்கு வந்தபின் அவர் செய்த மாற்றங்கள் என்ன?

போர்ப் பள்ளியில் தேறியவர்களில் மிகச் சிலரை மட்டும் தேர்ந்தெடுத்துத் தானே பயிற்றுவித்தார். அவர்கள் சில ஆண்டுகள் பெர்லினில் திட்டமிடல், சில ஆண்டுகள் படைப்பிரிவில் நேரடிப் பணி என்று மாறி மாறிப் பணியாற்றினார்கள். ஆண்டுதோறும் அவர்களைக் குதிரையில் ஏற்றி எல்லைப்புறங்களுக்கு அழைத்துச்சென்று, அங்கேயே நிலத்தைக் காட்டிக் கணக்குகள் கொடுத்தார். ரயிலுக்கென்று தனிப் பிரிவு ஏற்பட்டது. படை திரட்டும் கட்டளை வந்தால் எந்தப் பிரிவு எந்த நிலையத்தில் எந்த நாளில் ஏறி எங்கே இறங்கும் என்ற அட்டவணை ஆண்டுக்காண்டு திருத்தி எழுதப்பட்டது.

இதோடு நின்றிருந்தால் அவர் திறமையான நிர்வாகி என்ற அளவில் முடிந்திருப்பார். அவர் கொண்டுவந்த ஆழமான மாற்றம் கட்டளையிடும் முறையில் இருந்தது. இரண்டு மூன்று லட்சம் பேரை ஒரே சாலையில் நடத்த முடியாது. பிரித்து நடத்தினால் ஒருவர் கண்ணால் எல்லாவற்றையும் பார்த்துக் கட்டளையிட முடியாது. எனவே மேலதிகாரி நோக்கத்தைச் சொல்லவேண்டும், அதை நிறைவேற்றும் வழியைக் களத்தில் இருப்பவரிடம் விட்டுவிடவேண்டும் என்றார். பெரும் படைப்பிரிவுகளின் தளபதிகளுக்கென்று 1869இல் வெளியான அறிவுரைகளில் இந்தக் கொள்கை தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. இதற்கு விலையும் உண்டு. எல்லாரும் சுயமாக முடிவெடுத்தால் சிலர் தவறாகவும் முடிவெடுப்பார்கள். அந்த விலை தெரிந்தே அவர் இதைத் தேர்ந்தெடுத்தார்.

1864இல் டென்மார்க்குடன் நடந்த போரில் அவருடைய பங்கு?

தொடக்கத்தில் பெர்லினிலேயே இருத்தப்பட்டார். ஏப்ரல் இறுதியில்தான் களத்துக்கு அனுப்பப்பட்டு, இளவரசர் ஃபிரெடரிக் சார்லஸின் ஸ்டாஃப் தலைவரானார். ஜூன் 29 அன்று படகுகளில் நீரிணையைக் கடந்து ஆல்ஸ் தீவைக் கைப்பற்றிய நடவடிக்கை போரை முடிவுக்குக் கொண்டுவர உதவியது. மன்னர் வில்லியம் அவரைக் கவனிக்கத் தொடங்கியது இதன் பிறகுதான்.

கோனிக்ராட்ஸ் வெற்றி எப்படிக் கிடைத்தது?

1866இல் ஆஸ்திரியாவுக்கு எதிராக ஐந்து ரயில்தடங்களைப் பயன்படுத்திப் பிரஷ்யா படைகளை எல்லைக்குக் கொண்டுவந்தது. ஆஸ்திரியாவிடம் போர்முனைக்குச் செல்ல ஒரே முதன்மைத் தடம்தான் இருந்தது. ஐந்து தடங்களும் ஐந்து இடங்களில் முடிந்ததால், மூன்று பிரஷ்யப் படைகள் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளத்துக்குச் சிதறி நின்றன. பெர்லினில் இருந்த மூத்த அதிகாரிகள் பலர் இதைக் கண்டு பதறினார்கள். நடுவில் இருக்கும் பகைவன் ஒவ்வொரு படையாகத் தாக்கி அழித்துவிடுவான் என்பது நெப்போலியன் காலத்திலிருந்து வந்த பாடம். மோல்ட்கே வேறு கணக்குப் போட்டார். பிரிந்த படைகள் முன்னேறிக்கொண்டே நெருங்கினால், நடுவில் இருப்பவனுக்குத் திரும்பக்கூட இடமில்லாமல் போகும். போர்க்களத்திலேயே அவை ஒன்றுசேரட்டும் என்றார்.

ஜூன் 2 அன்று வந்த அரச ஆணையின்படி, ஜெனரல் ஸ்டாஃப் தலைவர் போர் அமைச்சகத்தின் வழியாக அல்லாமல் நேரடியாகப் படைகளுக்குக் கட்டளை அனுப்பலாம் என்றானது. அப்போதும் அவரைப் பலருக்குத் தெரியாது. போரின்போது அவருடைய கட்டளை ஒன்றைப் பெற்ற டிவிஷன் தளபதி ஒருவர், எல்லாம் சரிதான், யார் இந்த ஜெனரல் மோல்ட்கே என்று கேட்டதாக ஒரு செய்தி உண்டு.

ஜூலை 2 இரவு, கோனிக்ராட்ஸ் அருகே ஆஸ்திரியப் படை எல்ப் நதிக்கு முன்னால், பிஸ்ட்ரிட்ஸ் ஓடைக்குப் பின்னால் நிற்கிறது என்ற தகவல் கிட்ஷினில் இருந்த தலைமையகத்துக்கு வந்தது. உறங்கிக்கொண்டிருந்த மோல்ட்கே எழுப்பப்பட்டார். பட்டத்து இளவரசரின் இரண்டாம் படை உடனே புறப்பட்டு ஆஸ்திரியரின் வலப்பக்கத்தைத் தாக்கவேண்டும் என்று கட்டளை எழுதப்பட்டது. தந்தித் தொடர்பு இல்லை. ஃபிங்கென்ஸ்டைன் என்ற அதிகாரி நள்ளிரவில் மழையில் குதிரையேறிச் சென்று, விடியற்காலை நான்கு மணியளவில் அதைச் சேர்ப்பித்தார்.

மறுநாள் காலை முதல் நண்பகல்வரை பிரஷ்யரின் நிலைமை கடினமாகவே இருந்தது. ஆஸ்திரியப் பீரங்கிகள் திறமையாக இயங்கின. ஸ்வீப் காட்டுக்குள் ஃபிரான்செக்கியின் டிவிஷன் நசுங்கிக்கொண்டிருந்தது. மன்னர் கவலைப்பட்டார். அந்த நேரத்தில் பிஸ்மார்க் நீட்டிய பெட்டியிலிருந்து மோல்ட்கே நிதானமாகப் பார்த்து நல்ல சுருட்டைத் தேர்ந்தெடுத்தார் என்றும், அதைக் கண்டே தனக்கு நம்பிக்கை வந்தது என்றும் பிஸ்மார்க் பின்னாளில் சொல்லிக்கொண்டிருந்தார். பிற்பகலில் இரண்டாம் படையின் காவல் டிவிஷன் ஆஸ்திரிய நிலையின் நடுவிலிருந்த க்ளும் குன்றைப் பிடித்ததும் போரின் போக்கு மாறியது. ஆஸ்திரியத் தரப்பில் ஏறத்தாழ 44,000 பேரும் பிரஷ்யத் தரப்பில் ஏறத்தாழ 9,000 பேரும் இழப்பாயினர். நின்றுகொண்டே குண்டு நிரப்ப வேண்டிய துப்பாக்கியுடன் வந்த ஆஸ்திரிய வீரனுக்கு எதிராக, படுத்தபடியே வேகமாகச் சுட உதவிய டிரைசே ஊசித் துப்பாக்கியின் பங்கையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும். மோல்ட்கேயின் திட்டம் ஒன்றே எல்லாவற்றையும் சாதித்தது என்பது நியாயமாகாது.

1870இல் பிரான்சுடன் நடந்த போர் அவர் திட்டப்படியே நடந்ததா?

படை திரட்டல் திட்டப்படியே நடந்தது. ஜூலை நடுவில் கட்டளை பிறந்தது. பதினெட்டு நாட்களில் ஏறத்தாழ 4,60,000 பேர் பிரெஞ்சு எல்லையில் இறங்கியிருந்தார்கள். பிரெஞ்சுப் படையிலோ வீரர் ஓரிடத்திலும் அவர்களுடைய தளவாடம் வேறிடத்திலுமாகக் குழம்பிக்கிடந்தன.

போர் தொடங்கிய பிறகு நிகழ்வுகள் வேறு பாதையில் சென்றன. ஆகஸ்ட் 6 அன்று ஸ்பிக்கெரனில் நடந்தது மோல்ட்கே விரும்பாத சண்டை. கீழ்நிலைத் தளபதிகள் தாமாகத் தொடங்கியது. முதலாம் படையின் தளபதி ஸ்டைன்மெட்ஸ் எழுபத்துமூன்று வயதுப் பிடிவாதக்காரர். ஆகஸ்ட் 18 அன்று கிராவலாட்டில் மான்ஸ் பள்ளத்தாக்கின் வழியே அவர் மீண்டும் மீண்டும் நடத்திய தாக்குதல்களில் படைகள் வீணாக அழிந்தன. அதே நாளில் சாங் பிரிவாவின் வெட்டவெளிச் சரிவில் காவல் கோர் சுமார் 8,000 பேரை இழந்தது. அன்றைய ஜெர்மன் இழப்பு மொத்தம் ஏறத்தாழ 20,000. பிரெஞ்சு இழப்பு அதைவிடக் குறைவு. மாலை மங்கிய நேரத்தில் பொமரேனியக் கோரை அதே பள்ளத்தாக்கில் அனுப்ப அனுமதித்ததைப் பற்றி, களத்தில் இருந்த ஜெனரல் ஸ்டாஃப் தலைவர் அதைத் தடுத்திருப்பதே முறை என்று போர் வரலாற்றில் மோல்ட்கே தன்னைப் பற்றியே எழுதிவைத்தார். வெற்றிபெற்ற தளபதிகளில் இப்படி எழுதுபவர் அரிது.

அதற்குப் பிறகு வந்தது செடான். மெட்ஸில் முற்றுகையிடப்பட்ட பிரெஞ்சுத் தளபதி பாசேனை மீட்க, இன்னொரு பிரெஞ்சுத் தளபதியான மக்மாகோன் வடக்காக நகர்கிறார் என்று தெரிந்ததும், பாரிஸை நோக்கிச் சென்றுகொண்டிருந்த இரண்டு படைகளை மோல்ட்கே வலப்பக்கமாகத் திருப்பினார். செப்டம்பர் 1 அன்று பிரெஞ்சுப் படை முழுவதும் வளைக்கப்பட்டது. அன்றிரவு டோன்ஷேரி என்ற சிற்றூரில் பிரெஞ்சுத் தளபதி விம்ஃபன் கௌரவமான நிபந்தனைகள் கேட்டபோது, உங்களிடம் உணவு இவ்வளவுதான், தோட்டா இவ்வளவுதான் என்று மோல்ட்கே அடுக்கிச் சொல்லி, வேண்டுமானால் ஓர் அதிகாரியை அனுப்பி எங்கள் பீரங்கிகள் நிற்கும் இடங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மறுநாள் சரணடைந்தவர்களும் முதல்நாள் பிடிபட்டவர்களுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். பேரரசர் மூன்றாம் நெப்போலியனும் அவர்களில் ஒருவர். அக்டோபர் 27 அன்று மெட்ஸும் சரணடைந்தது. அதைத் தொடர்ந்து மோல்ட்கேக்குக் கோமகன் பட்டமும், 1871 ஜூனில் பீல்டு மார்ஷல் பதவியும் கிடைத்தன.

பிஸ்மார்க்குடன் அவருக்கு ஏன் மோதல் வந்தது?

பாரிஸ் முற்றுகையின்போது பிற வல்லரசுகள் தலையிடுமுன் போரை முடிக்க விரும்பிய பிஸ்மார்க், நகரைப் பீரங்கிகளால் தாக்கச் சொன்னார். போதுமான முற்றுகைப் பீரங்கிகளும் குண்டுகளும் வந்துசேராமல் தொடங்குவது வீண், பட்டினியே வேலையை முடிக்கும் என்றார் மோல்ட்கே. தொழில்நுட்பத்தில் மோல்ட்கே சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் சண்டையின் வேர் வேறு. போர் தொடங்கியபின் அரசியல்வாதி ஒதுங்கி நிற்கவேண்டும் என்று மோல்ட்கே எண்ணினார். படை நடவடிக்கைத் தகவல்களைப் பிஸ்மார்க்குக்குத் தரவும் தயங்கினார். பாரிஸ் விழுந்த பிறகும் பிரான்சை முற்றிலும் நொறுக்கும்வரை போரிடவேண்டும் என்பது அவர் விருப்பம். 1871 ஜனவரி இறுதியில் மன்னர் பிஸ்மார்க்கின் பக்கம் தீர்ப்பளித்தார்.

இந்த விஷயத்தில் பிஸ்மார்க் சொன்னதே சரி. போர் எதற்காக நடக்கிறது என்பதை அரசுதான் முடிவுசெய்யவேண்டும். மோல்ட்கேயின் எண்ணம் அவருக்குப் பின் வந்த ஜெர்மன் தளபதிகளிடம் இன்னும் இறுகி, 1914இல் அரசியலையே ரயில் அட்டவணை இழுத்துச்செல்லும் நிலைக்குக் கொண்டுவந்தது.

எந்தத் திட்டமும் போர் தொடங்கியதும் நிலைக்காது என்று அவர் சொன்னாரா?

அவர் எழுதியது இன்னும் கவனமான வாக்கியம். பகைவனின் முதன்மைப் படையுடன் நிகழும் முதல் மோதலுக்கு அப்பால் எந்தச் செயல்திட்டமும் உறுதியாக நீளாது என்பதே அதன் பொருள். திட்டமே வேண்டாம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. படை திரட்டலையும் முதல் அணிவகுப்பையும் கடைசி வண்டிவரை முன்கூட்டியே கணக்கிட முடியும், கணக்கிட்டே ஆகவேண்டும். அதற்குப் பின்னால் சூழ்நிலைக்கேற்ப முடிவெடுக்கத் தெரிந்த மனிதர்கள் வேண்டும் என்பதே அவர் கருத்து.

அவருடைய குடும்ப வாழ்க்கை எப்படி இருந்தது?

1842இல், தன் தங்கை மணந்த ஆங்கிலேயர் ஒருவரின் முதல் தாரத்து மகளான மேரி பர்ட்டை மணந்தார். அவருக்கு வயது நாற்பத்தொன்று, மேரிக்குப் பதினாறு. பிள்ளைகள் இல்லை. அவர் மேரிக்கு எழுதிய கடிதங்களில் தெரியும் அன்பும் குறும்பும், படங்களில் நாம் பார்க்கும் இறுகிய முகத்தோடு சற்றும் பொருந்தாதவை. 1866 வெற்றிக்குக் கிடைத்த பரிசுப் பணத்தில் 1867இல் சைலீசியாவில் கிரைசாவ் என்ற பண்ணையை இருவருமாக வாங்கினார்கள். மறு ஆண்டே, 1868 டிசம்பர் 24 அன்று, மேரி இறந்தார். பண்ணையிலுள்ள சிறு குன்றின்மேல் அவருக்குக் கல்லறை மண்டபம் கட்டி, ஊரில் இருக்கும் நாளெல்லாம் அங்கே போய்வந்தார் மோல்ட்கே.

போரைப் பற்றி அவருடைய கருத்து என்ன?

1880இல் சட்ட அறிஞர் புளுன்ட்ஷ்லிக்கு எழுதிய கடிதத்தில், நிலையான அமைதி என்பது கனவு, அதுவும் அழகான கனவல்ல என்று எழுதினார். இது அவருடைய உண்மையான நம்பிக்கை; மென்மையாக்கிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் வாக்காளர் தொகுதி ஒன்றின் உறுப்பினராக 1867 முதல் இறக்கும்வரை நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்த அவர், 1890 மே 14 அன்று அங்கே ஆற்றிய உரை வேறு தொனியில் அமைந்தது. அமைச்சரவைகள் நடத்திய போர்களின் காலம் போய்விட்டது, இனி வருவது மக்களின் போர், அது ஏழாண்டுப் போராகவோ முப்பதாண்டுப் போராகவோ நீளலாம், ஐரோப்பாவுக்கு முதலில் தீ வைப்பவனுக்குக் கேடு என்றார். ஏழு வாரங்களில் ஒரு போரை வென்றவர், இனி அத்தகைய வெற்றி கிடைக்காது என்று கண்டுகொண்டதை அந்த உரை காட்டுகிறது.

அவர் குரல் பதிவு உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. 1889 அக்டோபரில் எடிசனின் உதவியாளர் வாங்கெமன், ஃபோனோகிராஃப் கருவியுடன் கிரைசாவுக்கு வந்து மெழுகு உருளைகளில் அவர் பேச்சைப் பதிவுசெய்தார். மோல்ட்கே அந்தக் கருவியைப் பாராட்டிச் சில சொற்கள் பேசி, கெதேயின் நாடக வரிகளையும் ஷேக்ஸ்பியரின் வரிகளையும் சொன்னார். நீண்ட காலம் அடையாளம் தெரியாமல் கிடந்த அந்த உருளைகள் 2012இல் பொதுவெளிக்கு வந்தன. 1800இல் பிறந்த ஒருவரின் குரல் கேட்கக் கிடைப்பது இதனால்தான்.

இளைய மோல்ட்கே, கிரைசாவ் வட்டத்தின் மோல்ட்கே: இவர்களெல்லாம் யார்?

இளைய மோல்ட்கே, மேலே சொன்ன சகோதரர் மகன். 1906 முதல் ஜெனரல் ஸ்டாஃப் தலைவராக இருந்து, 1914இல் மார்ன் நதிக்கரையில் ஜெர்மன் முன்னேற்றம் தடைபட்டபோது பதவி இழந்தவர். ஹெல்முட் ஜேம்ஸ் ஃபொன் மோல்ட்கே அதற்கடுத்த தலைமுறைகளில் வந்த உறவினர். கிரைசாவ் பண்ணையின் உரிமையாளர். ஹிட்லருக்குப் பிந்தைய ஜெர்மனி எப்படி அமையவேண்டும் என்று அங்கே கிரைசாவ் வட்டம் எனப்பட்ட நண்பர் குழுவைக் கூட்டி விவாதித்த வழக்கறிஞர். அதற்காக 1945 ஜனவரி 23 அன்று பெர்லினில் தூக்கிலிடப்பட்டார். பீல்டு மார்ஷலுக்கு நேர் வாரிசு இல்லாததால் பண்ணை சகோதரர் வழியினருக்குச் சென்றிருந்தது. போருக்குப் பின் அந்தப் பகுதி போலந்தைச் சேர்ந்தது; ஊரின் பெயர் இன்று க்ஷிஷோவா. 1989 நவம்பர் 12 அன்று ஜெர்மன் சான்சலர் கோலும் போலந்துப் பிரதமர் மசோவியெட்ஸ்கியும் கலந்துகொண்ட நல்லிணக்க வழிபாடு அந்தப் பண்ணை முற்றத்தில்தான் நடந்தது. பழுதுபார்க்கப்பட்ட கட்டடங்களில் இப்போது பல நாட்டு இளைஞர்கள் சந்திக்கும் மையம் இயங்குகிறது.